தென்னார்க்காடு: ஒரு நிலமும் அதன் பெயர்களும்

1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வடபகுதி விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்டு விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆயிற்று. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகியவை அடங்கிய தென்பகுதி தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் எனப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1997இல், தென்மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகம் ஒன்றிற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டிக் கலவரங்கள் மூண்டன. அதன் விளைவாக, மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் தாங்கியிருந்த தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. வள்ளலார் பெயர் நீங்கியபோது, எந்தத் தலைவரையும் குறிக்காத தென்னார்க்காடு என்னும் பெயரும் அதனோடு சேர்ந்து நீங்கியது. எஞ்சியது கடலூர் மாவட்டம் என்னும் சுருங்கிய பெயர். 1801 முதல் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் வழங்கிய ஒரு நிலப்பெயர் இவ்வாறு ஓசையின்றி ஆட்சி வழக்கினின்று மறைந்தது.

மறைந்த அப்பெயர் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆர்க்காடு என்னும் ஊர் தென்னார்க்காட்டில் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. பாலாற்றங்கரையில், கடலூருக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது அது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆர் என்பது ஆத்தி ஆதலின் ஆத்திக்காடே ஆர்க்காடு என்பர் ஒரு சாரார். ஆறு காடுகள் சூழ்ந்த இடமென்று கொண்டு 'ஷடாரண்யம்' என வடமொழிப்படுத்தினர் மற்றொரு சாரார். முன்னவர் இடையின ரகரமும் பின்னவர் வல்லின றகரமும் இட்டு எழுதியதால் அப்பெயரின் எழுத்தே கடைசிவரை நிலைபெறவில்லை. அரசு ஏடுகளில் 'தென்னாற்காடு' என்றும் புலவர் எழுத்தில் 'தென்னார்க்காடு' என்றும் இரு வடிவங்கள் ஒருங்கே நடமாடின.

செஞ்சிக் கோட்டையை முகலாயர் 1698இல் கைப்பற்றினர். அதற்குமுன் இந்நிலத்தின் பெரும்பகுதி செஞ்சியிலிருந்தே ஆளப்பட்டது. ஆளும் இடம் ஆளப்படும் நிலத்துக்குள்ளேயே இருந்தது என்பது கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாபுகள் ஆர்க்காட்டுக்குப் பெயர்ந்தபோது நிலத்தின் தலை நிலத்துக்கு வெளியே சென்றது. 1801 சூலைத் திங்களில் கருநாடக நவாபு கிழக்கிந்தியக் கும்பெனிக்குத் தம் ஆட்சியை எழுதிக் கொடுத்தார். கும்பெனியார் கையில் வந்த வரிநிலம் ஆர்க்காட்டு நவாபின் சீமை. அதன் தென்கூறு தென்னார்க்காடு. அங்கு வாழ்ந்தோர் தம்மை எவ்வாறு அழைத்தனர் என்று எவரும் கேட்கவில்லை. முன்னை உடைமையாளன் பெயரைப் பத்திரத்தில் குறிப்பதுபோல, நிலத்தின் பெயரையும் குறித்துக்கொண்டனர்.

இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு செய்தி ஐரோப்பாவின் ஆல்ப்சு மலைநாட்டில் உண்டு. இத்தாலியின் வடகோடியில் தன்னாட்சி பெற்ற மாகாணம் ஒன்று உள்ளது. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் செருமானிய மொழியினர். அவர்கள் தம் நிலத்தைத் 'தென்திரோல்' என்பர். இத்தாலியர் அதனை 'ஆல்தோ ஆதிஜே' என்பர். ஆதிஜே ஆற்றின் மேற்பகுதி என்பது பொருள். முதல் உலகப்போரின் முடிவில், 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையால், ஆசுத்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைம்மாறிய நிலம் அது. ஆற்றுப்பெயர் தொன்மையானது போலத் தோன்றினும், அதனை ஆட்சிப் பெயராக்கியது 1810இல் நெப்போலியன் காலத்து நிர்வாகமே. எத்தோரே தொலொமெய் என்பார் 1916இல் ஏறத்தாழ 12,000 ஊர், மலை, ஆற்றுப் பெயர்களுக்கு இத்தாலிய வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். சில பழைய இலத்தீன் பெயர்கள், சில மொழிபெயர்ப்புகள், சில புதிதாகப் படைத்தவை. பாசிச அரசு 1923இல் அவ்வடிவங்களைச் சட்டமாக்கியதுடன், திரோல் என்னும் பெயரையே தடைசெய்தது. திரோல் என்னும் பெயருக்கு மூலமான கோட்டையோ அம்மண்ணிலேயே, மெரான் நகருக்கருகில் நிற்கிறது. பெயர் பிறந்த இடத்திலேயே பெயர் குற்றமாயிற்று. 1946ஆம் ஆண்டு உடன்பாடும் 1972ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டமும் வந்த பின்னரும் பெயர்ப்பூசல் தணியவில்லை. 2001இல் இத்தாலிய அரசியலமைப்பு இரு பெயர்களையும் அருகருகே ஏற்றுக்கொண்டது. அங்குத் தம் பெயரைப் பிறர் பறித்ததால் போராடினர்; தென்னார்க்காட்டில் பிறர் ஊரின் பெயரைச் சுமந்து இரு நூற்றாண்டு வாழ்ந்து, அது போனபோது போனதையும் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டனர். பறிபோன பெயருக்கு வரலாறு எழுதுவோர் பலர். சுமந்த பெயருக்கு எழுதுவோர் சிலரே.

ஆர்க்காட்டுக்கு முன் இந்நிலத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தொண்டை மண்டலத்துக்கும் சோழ மண்டலத்துக்கும் இடைப்பட்டதைக் கல்வெட்டுகள் 'நடுவில்நாடு' என்கின்றன. அதனைச் சோழர் தம் பெயரால் மறைக்கவும் செய்தனர். 'நடுவில்நாடான இராசராச வளநாடு' என்னும் தொடரில் இடத்தின் பெயரும் ஆள்வோன் பெயரும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. வளநாட்டுப் பெயர்கள் அரசர் மாறுந்தோறும் மாறக்கூடியவை; இருபதாம் நூற்றாண்டில் மாவட்டங்கட்குத் தலைவர் பெயர் சூட்டியதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. நடுவில்நாட்டுக்குள் கெடிலத்தையும் பெண்ணையையும் ஒட்டித் திருமுனைப்பாடி நாடு இருந்தது. திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூரும் சுந்தரர் பிறந்த திருநாவலூரும் அந்நாட்டின. தேவாரம் பாடிய மூவருள் இருவர் இந்நிலத்தவர் என்பதை உள்ளூர்ச் சொற்பொழிவாளர் எவரும் சொல்லாமல் விடுவதில்லை, விடவும் வேண்டியதில்லை.

சிதம்பரத்தின் நிலை வேறு. சோழர் கல்வெட்டுகளில் அது 'இராசாதிராச வளநாட்டுத் தனியூர் பெரும்பற்றப்புலியூர்' எனக் குறிக்கப்பெறும். தனியூர் என்னும் சொல் பொருள் பொதிந்தது. பொதுவாக ஊர் நாட்டுக்குள் அடங்கும். நாடு வளநாட்டுக்குள் அடங்கும். தனியூரோ இடைப்பட்ட நாடு எதற்கும் உட்படாமல், தன் பிடாகைகளுடன் தானே ஓர் ஆட்சிக்கூறாய் நின்றது. தொண்டை மண்டலத்து உத்தரமேரூர் 'தன்கூற்று' எனப்பட்டதும் இத்தகைய தனிநிலை பற்றியே. தன்னாட்சி என்னும் இக்காலச் சொல்லை அப்படியே பொருத்துதல் பிழையாகும். வரியும் ஆணையும் வேந்தனுடையனவே. எனினும் ஆல்ப்சு மாகாணத்தின் வரலாற்றைப் படிக்கும் தமிழருக்குத் 'தனியூர்' என்னும் சொல் நினைவில் எழாமல் இராது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவர் மரபில் வந்த கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் இராசராசனைச் சிறைப்பிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்தான். போசளர் படை வந்து 1231இல் சோழனை மீட்ட செய்தியைக் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறது. பின்னர்க் கோப்பெருஞ்சிங்கன் 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்று பட்டம் புனைந்தான். தில்லைக் கோயிலின் தெற்குக் கோபுரம் 'சொக்கச்சீயன்' என்னும் அவன் பெயரைத் தாங்கியது. நடுநாட்டில் தோன்றிய ஓர் அரசு நடுநாட்டிலிருந்தே ஆண்ட காலம் இது. ஆனால் அவன் காலத்துத் தில்லைக் கல்வெட்டுகளும் அதே இராசாதிராச வளநாட்டுத் தனியூர் என்றே ஊரைக் குறிக்கின்றன. சோழ வேந்தனையே சிறைவைத்தவன் சோழன் சூட்டிய வளநாட்டுப் பெயரை அழிக்கவில்லை. பத்திரத்தில் ஏறிய பெயர் படைக்கும் எளிதில் அசையாது போலும்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. தேவாரத் தலங்களை நாட்டுவாரியாகப் பகுக்கும் மரபில் நடுநாட்டுத் தலங்கள் 22. திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, திருமுதுகுன்றம் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால் தில்லை அப்பட்டியலில் இல்லை. சோழநாட்டுக் காவிரி வடகரைத் தலங்களுள் அது முதலாவதாக வைக்கப்பெற்றது. ஆகவே கடலூர் நடுநாடு, சிதம்பரம் சோழநாடு. இரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்தது வருவாய்த்துறையின் தென்னார்க்காடே அன்றிச் சமய மரபோ இலக்கிய மரபோ அன்று. இவ்விரண்டு ஊர்களிலும் கூடிக் கவிதை படிப்போர் ஒரே வட்டாரத்தவர் என்று தம்மைக் கருதிக்கொள்வதற்குக் கும்பெனியார் வரைந்த எல்லையும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கும்பெனிக்கு முந்திய பிணைப்பு ஒன்றும் உண்டு. அது பெயரில் உள்ளது. சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர், கடலூர்ப் புதுநகரின் பழம்பகுதி பாதிரிப்புலியூர். இரண்டும் புலியூர்கள். புலிக்கால் முனிவர் வழிபட்டதாக இரண்டு தலங்களும் புராணம் கூறுகின்றன. இரண்டிலும் மரமும் உண்டு. தில்லைக்குத் தில்லைமரம், அதன் பால் கண்ணிற் பட்டால் கண் கெடும் என்பர். நகரம் பெருகிவிட்ட இக்காலத்தில் அம்மரத்தைக் காண விரும்புவோர் பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் செல்ல வேண்டும். புலியூருக்குப் பாதிரி, அது பாடலீசர் கோயிலின் தலமரம்.

பாதிரியின் வழியாகச் செல்லும் பெயர்வரலாறு வியப்புக்குரியது. பாதிரி வடமொழியில் பாடலி. சமண முனிவர் சர்வநந்தி 'லோகவிபாகம்' என்னும் நூலைப் பாடலிகை என்னும் ஊரில் சகம் 380இல், அதாவது கி.பி. 458இல், பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் நிறைவுசெய்ததாக அந்நூலே குறிக்கிறது. அப்பாடலிகை திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் முடிபு. மருள்நீக்கியார் தருமசேனராய் இருந்த சமணப்பள்ளியைச் சேக்கிழார் பாடலிபுத்திரத்தில் வைக்கிறார். சமணர் மரத்தின் பெயரைப் பிராகிருதத்திலும் வடமொழியிலும் சொன்னார்கள். சைவர் அதே மரத்தைத் தமிழில் சொல்லிப் புலியையும் சேர்த்துக்கொண்டனர். ஒரே ஊர், ஒரே மரம், இரு மொழி, இரு சமயம். தொலொமெய் 1916இல் தாளில் செய்த மொழிபெயர்ப்பை இங்கு நூற்றாண்டுகள் மெல்லச் செய்து முடித்தன. வேறுபாடு என்னவெனில், இங்குத் தோற்ற பெயருக்காக வழக்காட யாரும் எஞ்சவில்லை. கல்லே தெப்பமாக நாவுக்கரசர் கரையேறியதாகச் சொல்லும் இடம் 'கரையேறவிட்டகுப்பம்' என்று ஒரு முழுக்கதையையும் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. பாடலிகையின் பெயரைச் சொல்ல அவ்வாறு ஒரு குப்பமும் இல்லை.

சிற்றம்பலம் சிதம்பரம் ஆயிற்றா, சித் அம்பரம் என்னும் வடசொற்கூட்டே சிதம்பரமா என்னும் வழக்கு நெடியது, இக்கட்டுரையில் தீரக்கூடியதன்று. மூவர் தேவாரத்தில் தில்லை, சிற்றம்பலம், புலியூர் என்னும் பெயர்களே பயில்கின்றன என்பதைக் குறித்து மேற்செல்லலாம்.

கடலூரின் பெயர் அதனினும் குழப்பமுடையது. கெடிலமும் உப்பனாறும் கூடும் இடமாதலின் கூடலூர் என்பர். காடவர் தலைமையூராகிய கூடல் இதுவே என்று கொள்வோரும் உளர். ஆங்கிலேயர் நாவில் ஊகாரம் தேய்ந்து 'கடலூர்' என ஒலித்தது. கடற்கரை ஊராதலின் அவ்வொலிக்குத் தமிழிலும் பொருள் கிடைத்துவிட்டது. திரிந்த சொல்லுக்குப் புதுப்பொருள் கற்பிப்பதில் மக்கள் வல்லவர். 1690இல் சென்னைக் கோட்டையின் தலைவர் எலிகு யேல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார். வேல்சு நாட்டுப் புனிதர் தாவீதின் பெயரை அதற்கு வைத்தார். கோட்டையோடு நிலமும் விற்பனையில் அடங்கும்; கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை உள்ளவை வாங்கியவருக்கு என்பது பேச்சு. கும்பெனியார் தொலைவாகச் சுடவல்ல பீரங்கியைத் தேடிக் கொணர்ந்து சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்னும் ஊர் இன்றும் அப்பெயரோடு இருக்கிறது. ஒரு பகற்பொழுதின் வேட்டுச் சத்தம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊர்ப்பெயரில் ஒலித்துக்கொண்டிருப்பது வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று. அவ்வூர் மக்களும் அதனை மாற்றக் கோரவில்லை. உப்பலவாடியினின்று பிரித்தறிய அது பயன்படுகிறது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, 1752வரை ஆங்கிலேயரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் இந்தத் தாவீது கோட்டையே. அத்துணை உயர்ந்த பெயர் இன்று ஊராரின் வாயில் இல்லை. அவர்கள் வாயில் வாழ்வது 'ஓ.டி.' 'என்.டி.' என்னும் எழுத்துகளே: பழைய நகரம், புதிய நகரம் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். கூடலூர் என்னும் பெயருக்கு உரியது துறைமுகத்தை ஒட்டிய ஓ.டி.தான். மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர் ஆகிய தனித்தனி ஊர்கள் என்.டி.க்குள் கரைந்தன. சிதம்பரத்தின் கிழக்கே திருவேட்களம், 1929இல் பல்கலைக்கழகம் தோன்றியபின், அண்ணாமலைநகர் என்னும் பெயரின் நிழலுக்குள் சென்றது. இரண்டு ஊர்களுக்கும் இடையே கடற்கரையில் உள்ள பரங்கிப்பேட்டையைப் போர்ச்சுகீசியர் புதுத்துறை என்னும் பொருளில் 'போர்ட்டோ நோவோ' என்றனர். முசுலிம்கள் 'மகமூது பந்தர்' என்றனர். தமிழர் அங்கு வந்திறங்கிய பரங்கியரைச் சுட்டிப் பெயரிட்டனர். வந்தவன் ஊரைத் தன் துறை என்கிறான். இருந்தவன் அதனை வந்தவன் ஊர் என்கிறான்.

மாவட்டத்துக்கு நான்காண்டுகள் பெயர் தந்த வள்ளலார், பெயர் பற்றித் தெளிவான கருத்து உடையவர். தம் பாடல்களை நூலாக்க முனைந்தோர் 'இராமலிங்கசாமி' என்று தம்மை வழங்குவது தமக்கு உடன்பாடன்று என்றும், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றும் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார். ஒரு 'சாமி'யையே ஏற்காதவர் மேல் ஒரு மாவட்டத்தையே சுமத்தினர். சூட்டியோரின் அன்பில் ஐயமில்லை. எனினும் அவர் பெயரைச் சாதித் தலைவர்களின் பெயர்வரிசையில் ஒன்றாக வைத்து எண்ணும் நிலையையும், பின் அவ்வரிசையோடு சேர்த்து நீக்கும் நிலையையும் அச்சூட்டலே உண்டாக்கியது. அவர் தாமே விரும்பி எழுதிய பெயர் 'சிதம்பரம் இராமலிங்கம்'. பிறந்தது சிதம்பரத்தை அடுத்த மருதூர். இளமையில் வாழ்ந்தது சென்னை. பின்னர்க் கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம். 1851இல் 'ஒழிவிலொடுக்கம்' பதிப்பித்தபோது அவர் சென்னைவாசி. அப்போதும் பெயருக்கு முன் சிதம்பரம் நின்றது. 1872இல் சத்திய ஞானசபை தோன்றிய வடலூரை 'உத்தரஞான சிதம்பரம்' என்று அழைத்தார். தில்லை வடக்கு நோக்கி நடுநாட்டுக்குள் வந்தது அவ்வாறுதான். சோழநாட்டுத் தலத்தின் பெயரை நடுநாட்டு மண்ணில் நட்டவர் அவரே.

அண்மைக் காலத்தில் 'நடுநாடு' என்னும் சொல் இலக்கிய உலகில் புத்துயிர் பெற்றுள்ளது. கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' 2007இல் வெளிவந்தது. முந்திரிக்காட்டிலும் செம்மண் மேட்டிலும் வழங்கும் சொற்களுக்கு அது அச்சில் இடம் தந்தது. அதற்கு முன் 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' விருத்தாசலம் பகுதியின் பேச்சை நாவலுக்குள் கொணர்ந்தது. அதுவரை இந்நிலம் எழுத்தாளரைப் பெற்றுப் பிற ஊர்களுக்கு அளித்ததே மிகுதி. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். அவர் எழுத்து நெல்லையினது. செயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். அவரைச் சென்னை எடுத்துக்கொண்டது. மௌனியோ சிதம்பரத்தில் வாழ்ந்தும் எவ்வூரையும் எழுதாதவர் போல் எழுதினார்.

நடுநாடு என்னும் பெயரைக் கொண்டாடுவோர் இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. ஒன்று, அதுவும் வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன பெயரே. யாருக்கு நடுவில் என்று கேட்டால் பல்லவனுக்கும் சோழனுக்கும் நடுவில் என்பதே விடை. தான் யாரென்று சொல்லாமல், தன் இரு பக்கத்தாரைச் சுட்டும் பெயர் அது. மற்றொன்று, அப்பெயரைச் சூடும்போது சிதம்பரம் வாயிலில் நிற்க நேர்கிறது. தென்னார்க்காடு அந்நியப் பெயர் என்று எறியப்பட்டுவிட்டது. ஆயினும் செஞ்சி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், கடலூர், சிதம்பரம் அனைத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல் வேறில்லை. கார்சுடின் 1878இல் எழுதிய கையேடும் பிரான்சிசு 1906இல் தொகுத்த விவரச்சுவடியும் அப்பெயரிலேயே உள்ளன. தாத்தாவின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பிரிப்போர் 'தென்னார்க்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா' என்றே படிக்க நேரும். அச்சொல் தெரியாத தலைமுறைக்கு அப்பத்திரம் வேற்று நாட்டினதாகத் தோன்றும். அகராதியில் நடுநாடு வாழட்டும். வரலாற்றில் தென்னார்க்காடும் வாழ்தல் வேண்டும். இருபெயரை அருகருகே வைத்துக்கொள்ள ஆல்ப்சு மாகாணத்தாருக்கு எண்பது ஆண்டுகளும் எத்தனையோ துயரங்களும் தேவைப்பட்டன. இங்கு அதற்கு ஒரு தடையும் இல்லை.

புலவரும் கவிஞரும் தம் பெயருக்கு முன் ஊர்ப்பெயர் வைப்பது பழைய வழக்கம். அரசாணைக்கு உட்படாத ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்று அம்முன்னொட்டுகளில் இருக்கிறது. சிதம்பரத்தார் பலர் 'தில்லை' என்று வைத்துக்கொள்வர். நகராட்சியின் எந்தப் பலகையிலும் இல்லாத பெயர் அது. கடலூரார் 'கடலூர்' என்றே வைப்பர். 'கூடல்' என வைத்தால் மதுரையார் வழக்குக்கு வருவர். 'பாதிரிப்புலியூர்' என்று வைப்போர் அரியர். பெயரின் நீளம் காரணமாகலாம். பேருந்து நடத்துநரும் அதனைத் 'திருப்பாப்புலியூர்' என்று குறுக்கித்தான் கூவுகிறார்.